ஒப்பித்தால் போதுமா சூத்திரம்?



இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகக் கணக்குச் சூத்திரங்கள் அத்தனையையும் கெட்டி அட்டையில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாராம். தினமும் காலையில் காபி கொடுக்கும் முன் ஒரு தரம் ஒப்பிக்க வைக்கிறாராம். அவருடைய அக்கறையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விடிகாலையில் எழுந்து இட்லிப் பானையையும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் பார்ப்பது என்ன சின்ன வேலையா? ஆனால் அந்த முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு என்னைத் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.

என் தங்கை மகள் பத்தாவது படித்தபோது சூத்திரங்களைத் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பாள். கூம்பின் கன அளவு என்று கேட்டால் போதும். "ஒன் பை த்ரீ பை ஆர் ஸ்கொயர் எச்" என்று மூச்சு விடாமல் வரும். தமிழ் வழியில் படித்தாலும் சூத்திரத்தை மட்டும் இப்படித்தானே பிள்ளைகள் சொல்கிறார்கள்? சரி, எழுதிக் காட்டு என்றால் 1 எழுதி, கோடு போட்டு, கீழே 3 எழுதி, அதற்கும் கீழே இன்னொரு கோடு போட்டு ஆர் ஸ்கொயர் எச் என்று எழுதினாள்.

"ஏண்டி, ரெண்டாவது கோடு எதுக்கு?"

"ரெண்டு 'பை' வருதே பெரியம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவள் சொன்னதில் தப்பே இல்லை. முதல் 'பை' வகுத்தல். இரண்டாவது 'பை' 22/7. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் ஒப்பித்தாள், ஒரு வார்த்தைகூடப் புரியாமல்.

இன்னொன்று பாருங்கள். இருபடிச் சமன்பாட்டுக்குப் பிள்ளைகள் சொல்லும் மந்திரம்: "மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ." கடைசியில் வருகிற அந்த 'பை டூ ஏ' எதற்குக் கீழே? மைனஸ் பி-யிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் கீழேயா, ரூட்டுக்கு மட்டும் கீழேயா? வாயால் சொல்லும்போது கோட்டின் நீளம் காதில் விழாதே!

எக்ஸ் ஸ்கொயரில் 6 எக்ஸ் கழித்து 5 கூட்டினால் பூஜ்ஜியம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ரூட்டுக்குள் 36-இல் 20 போனால் 16. அதன் ரூட் 4. கோடு முழுவதுக்கும் கீழே என்றால், 6-உம் 4-உம் பத்து, பாதி 5. 6-இல் 4 போனால் இரண்டு, பாதி 1. ஆக, விடை 5, 1. கோட்டை ரூட்டுக்கு மட்டும் போட்டால் 4-இல் பாதி 2 ஆகி, விடை 8, 4 என்று வரும். மனப்பாடம் சரியாக இருந்தும் கணக்கு தப்பு. சமன்பாட்டில் 8-ஐத் திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தால் 64-இல் 48 போக 16, அதோடு 5 சேர்த்து 21, பூஜ்ஜியம் வரவில்லையே என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். 5-ஐப் போட்டால் 25-இல் 30 போய் 5 கூட, கச்சிதமாகப் பூஜ்ஜியம். இப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒப்பிப்பதால் வராது.

ஆகவே நான் சொல்வது இதுதான். சூத்திரம் காதால் கேட்டுச் சொல்லும் பாட்டு இல்லை. கையால் எழுத வேண்டியது. எழுதினால் மட்டும் போதாது, அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளை நமக்குச் சொல்ல வேண்டும். பத்து தரம் ஒப்பிப்பதற்குப் பதில் ஒரு தரம் அதைச் சொல்ல வையுங்கள்.

"நாங்க எட்டாவதோட நின்னவங்க, எங்களுக்கு எங்கே இதெல்லாம் புரியும்?" என்று கேட்காதீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டுப் பாடங்கள். அதில் பிள்ளைகள் அதிகம் மிரளும் சூத்திரங்கள் 'அளவியல்' பாடத்தில்தான் இருக்கின்றன. உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம், இடைக்கண்டம், ஒவ்வொன்றுக்கும் வளைபரப்பு, மொத்தப் பரப்பு, கன அளவு என்று வரிசையாக எழுதினால் ஒரு பக்கம் நிரம்பிவிடும். அந்தச் சாமான்கள் அத்தனையும் நம் சமையலறையில் இருக்கின்றன. டீச்சர் பலகையில்தான் வரைய முடியும், நாம் கையில் எடுத்தே கொடுக்கலாம்.

ஒரு டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பிரித்து விரித்தால் நீள்சதுரம். ஒரு பக்கம் டின்னின் உயரம். இன்னொரு பக்கம் வாய் வட்டத்தின் சுற்றளவு, அதாவது 2 பை ஆர். இரண்டையும் பெருக்கினால் உருளையின் வளைபரப்பு முடிந்தது. மேல் மூடி, அடி மூடி என்று இரண்டு வட்டம் சேர்த்தால் மொத்தப் பரப்பு. இதை மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

கூம்புக்குச் சுண்டல் பொட்டலம் போதும். பழைய பேப்பரில் 14 சென்டிமீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் வெட்டுங்கள். நேர்ப்பக்கத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒட்டினால் பொட்டலம் தயார். பேப்பரில் ஆரமாக இருந்த 14 இப்போது கூம்பின் சாயுயரம். அரைவட்டத்தின் வளைந்த ஓரம் 44 சென்டிமீட்டர். அதுதான் இப்போது பொட்டலத்து வாயின் சுற்றளவு. சுற்றளவு 44 என்றால் ஆரம் 7. இனி, 'பை ஆர் எல்' சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 22/7 பெருக்கல் 7 பெருக்கல் 14, விடை 308. வெட்டின அரைவட்டத்தின் பரப்பு எவ்வளவு? 14-இன் வர்க்கம் 196, அதை 22/7-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் அதே 308. ஆகாமல் எப்படி இருக்கும்? பேப்பர் ஒன்றுதானே! இதை ஒரு தரம் கையால் செய்த பிள்ளை, வளைபரப்புக்கு உயரத்தைப் போடுவதா சாயுயரத்தைப் போடுவதா என்று தேர்வு அறையில் முழிக்காது.

கன அளவில் அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது என்பதற்கு அரிசிதான் சாட்சி. வாயும் உயரமும் ஒன்றாக இருக்கும்படி அட்டையில் ஒரு கூம்பும் ஓர் உருளையும் செய்து, கூம்பால் அரிசியை மொண்டு உருளையில் கொட்டச் சொல்லுங்கள். மூன்று தரம் கொட்டினால் தலை தட்டி நிற்கும். ஏன் மூன்று என்பதற்கான நிரூபணம் பெரிய படிப்பில் வரும். பத்தாவதுக்கு இந்தக் கண்சாட்சி போதும்.

இடைக்கண்டம் என்றாலே பிள்ளைகளுக்கு நடுக்கம். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டு வாளிதான்! கூம்பின் நுனியை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது. மேல்வாய் ஆரம் 14, அடி ஆரம் 7, உயரம் 24 சென்டிமீட்டர் உள்ள வாளியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? சூத்திரம், பை எச் பங்கு 3 பெருக்கல், பெரிய ஆரத்தின் வர்க்கம், சின்ன ஆரத்தின் வர்க்கம், இரண்டின் பெருக்கல் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. 196, 49, 98 மூன்றும் சேர்ந்து 343. விடை 8624 கன சென்டிமீட்டர், அதாவது எட்டரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம்மைக் கேட்டால் என்ன செய்வோம்? மேல் ஆரம், அடி ஆரம் இரண்டுக்கும் சராசரி எடுத்து, பத்தரை ஆரம் உள்ள உருளை என்று போடுவோம். அப்படிப் போட்டால் 8316-தான் வரும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேலே கணக்கில் காணாமல் போய்விடும்!

இந்தச் சூத்திரத்தில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. இரண்டு ஆரமும் சமம் என்று போட்டால், அடைப்புக்குள் ஒரே வர்க்கம் மூன்று தரம் வந்து, கீழே உள்ள 3 அடிபட்டு, உருளையின் சூத்திரமாக ஆகிவிடும். அடி ஆரம் பூஜ்ஜியம் என்று போட்டால் கூம்பின் சூத்திரமாக ஆகிவிடும். ஒரே சூத்திரத்துக்குள் மூன்று! மாமியார், மருமகள், பேத்தி மூன்று பேரும் ஒரே ஜாடை என்பது போல. சுவரில் ஒட்டுகிற அட்டையில் இவை மூன்றும் மூன்று தனி வரிகளாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது மாதிரி நிற்கின்றன. அதுதான் எனக்கு வருத்தம்.

அரைக்கோளத்தில் 2 பை ஆர் ஸ்கொயரா, 3 பை ஆர் ஸ்கொயரா என்ற குழப்பத்துக்குத் தேங்காய் மூடியைக் கையில் கொடுங்கள். முழுக் கோளத்தின் பரப்பு 4 பை ஆர் ஸ்கொயர் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உடைத்தால் வளைந்த முதுகு அதில் பாதி, 2. உடைத்த இடத்தைத் தட்டையாக மூடினால் அந்த வட்டம் ஒன்று. சேர்ந்தால் 3. வெளிப்பக்கம் மட்டும் வர்ணம் பூசுவதா, மூடியும் சேர்த்தா என்று கேள்வியைப் படித்தால் தெரிந்துவிடும். லட்டு விஷயமும் அப்படியே. ஒரு பெரிய லட்டின் ஆரம் சின்ன லட்டின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு என்றால், அதை உடைத்து எத்தனை சின்ன லட்டு பிடிக்கலாம்? மூன்று என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. இருபத்தேழு! 'ஒரு கோளத்தை உருக்கிச் சிறு கோளங்கள் செய்தால்' என்று புத்தகத்தில் வருகிற கணக்கெல்லாம் இந்த லட்டுதான்.

இதைவிடச் சுலபமான ஒரு சோதனையும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எந்த அம்மாவும் செய்யலாம். பிள்ளை எழுதிய சூத்திரத்தில் நீளங்கள் (ஆரம், உயரம், சாயுயரம் எல்லாம் நீளம்தான்) எத்தனை தரம் பெருக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். ஆர் ஸ்கொயர் என்றால் இரண்டு தரம். இரண்டு நீளம் இருந்தால் பரப்பு, மூன்று இருந்தால் கன அளவு. கன அளவு என்று தலைப்புப் போட்டு 'பை ஆர் எல்' எழுதியிருந்தால் நமக்குக் கணக்கே தெரியாவிட்டாலும் "இது தப்பு, திரும்பப் பாரு" என்று சொல்லிவிடலாம். பிள்ளை அசந்து போகும்.

கோலம் போடும் நமக்குக் கூட்டுத்தொடர் வரிசையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை என்று மார்கழி மாதம் பூரா பத்திரிகைகளில் வருமே, அந்தக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். மேல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 8, 9, 10 என்று ஏறி நடு வரிசையில் 15. மொத்தம் 8 வரிசை. இதே பாதியைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்ததாக நினைத்துப் பாருங்கள். 8-க்குப் பக்கத்தில் 15, 9-க்குப் பக்கத்தில் 14. எல்லா வரிசையிலும் 23! எட்டு வரிசைக்கு 184. நமக்கு வேண்டியது பாதிதான், 92. நடு வரிசைக்குக் கீழே 14-இலிருந்து 8 வரை ஏழு வரிசை. அதேபோல 22 பெருக்கல் 7, பாதி 77. ஆக, மொத்தம் 169 புள்ளிகள்.

வரிசை எண்ணிக்கையில் பாதி, பெருக்கல், முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் சேர்ந்தது. இதுதான் அட்டையில் 'என் பை 2' என்று ஆரம்பிக்கும் சூத்திரம். கடைசி உறுப்பு தெரியாமல், எத்தனை எத்தனையாக ஏறுகிறது என்று மட்டும் தெரிந்தால் அதற்கு இன்னொரு சூத்திரம் எழுதியிருப்பார்கள். அது வேறு சூத்திரமே இல்லை, கடைசி உறுப்பைப் பிரித்து எழுதியது, அவ்வளவுதான். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7 என்று போனால் நான்கு வரிசைக்கு 16, அதாவது நாலு நாலு. ஐந்து வரிசைக்கு 25. ஒற்றைப்படை எண்களின் கூடுதல் எண்ணிக்கையின் வர்க்கம் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நாம் வாசலில் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எல்லாமே இப்படிச் சமையலறையிலும் வாசலிலும் கிடைத்துவிடும் என்று நான் கதை விடவில்லை. 1-இன் வர்க்கத்திலிருந்து என்-இன் வர்க்கம் வரை கூட்டும் சூத்திரத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். என் பெருக்கல், என்-ஐ விட ஒன்று கூட, பெருக்கல், இரண்டு என்-ஐ விட ஒன்று கூட, வகுத்தல் 6. மறந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் என்-க்குப் பதில் 2 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2, 3, 5 மூன்றையும் பெருக்கினால் 30, ஆறால் வகுத்தால் 5. ஒன்றின் வர்க்கமும் இரண்டின் வர்க்கமும் சேர்ந்தால் 5-தானே? சரி. கீழே ஆறா, மூன்றா என்று குழம்புகிற பிள்ளைக்கு அரை நிமிஷத்தில் விடை கிடைத்துவிடும்.

முக்கோணவியல் அட்டவணையும் பிள்ளைகளைப் படுத்துகிற ஒன்று. சைன் 30 எவ்வளவு, டேன் 60 எவ்வளவு என்று ராத்திரி பகலாக உருப்போடுகிறார்கள். பக்கம் 2 உள்ள சமபக்க முக்கோணத்தை நடுவில் நேராக வெட்டினால் போதும். அடி 1, சாய்வுப் பக்கம் 2, உயரம் ரூட் 3. ஒரு பக்கம் 60, உச்சியில் 30. சைன், காஸ், டேன் எல்லாம் இந்த ஒரு படத்திலிருந்தே வாசித்துவிடலாம். 45-க்குப் பக்கம் 1 உள்ள சதுரத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும், மூலைவிட்டம் ரூட் 2. கேள்வித்தாள் கையில் வந்து எழுதத் தொடங்கியதும் விடைத்தாளின் ஓரத்தில் இந்த இரண்டு படங்களையும் போட்டுக்கொண்டால் மறதிக்கு இடமே இல்லை. சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்பது பிதாகரஸ் தேற்றமேதான். அதைக் காஸ் வர்க்கத்தால் வகுத்தால் அடுத்தது, சைன் வர்க்கத்தால் வகுத்தால் மூன்றாவது. ஒன்றைப் படித்தால் மூன்று.

புள்ளியியலில் மாறுபாட்டுக் கெழு என்று ஒன்று வரும். திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குவது. ஒரு கடையில் தக்காளி மூன்று நாளும் 28, 30, 32 ரூபாய். இன்னொரு கடையில் 20, 30, 40. இரண்டு கடைக்கும் சராசரி 30-தான். நம் பர்சுக்கு இரண்டும் ஒன்றா? முதல் கடையில் கெழு ஐந்தரை சதவீதத்துக்குள், இரண்டாவதில் 27-க்கு மேலே. எண் சிறியதாக இருந்தால் விலை நிலையாக இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் அந்தப் பாடம்.

கணக்கு மேதை ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, 1903-ஆம் வருஷ வாக்கில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு புத்தகம் அவர் கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், பெரும்பாலானவற்றுக்கு விளக்கமே கிடையாது. நம் சகோதரியின் அட்டை மாதிரியே ஒரு பெரிய அட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் அதை ஒப்பிக்கவில்லை. ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று தானே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதினார். நம் பிள்ளைகள் எல்லாம் ராமானுஜன் ஆக வேண்டாம். ஆனால் ஒரு சிலேட்டு வாங்கிச் சமையலறையில் மாட்டலாமே? எழுதி அழித்து எழுதினால் கை பழகும், காகிதமும் மிச்சம்.

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வில், கொரோனா காலத்துக்குப் பிறகு 2022 முதல் கணக்குக்குச் சூத்திரத் தாளையே தேர்வு அறையில் கொடுக்கிறார்கள். அதனால் அங்கே எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார்களா என்ன? எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தெரியாதவருக்குத் தாள் கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை.

இனி, மனதில் ரொம்ப நாளாக உறுத்தும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர்ப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு நூறு மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, கடைசியில் வடிவியல் வரைதல் ஒன்றும் வரைபடம் ஒன்றும் எட்டு எட்டாகப் பதினாறு. தேற 35 வேண்டும். கணக்கு வராத பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை என்ன? "வரைதலும் வரைபடமும் போட்டா 16, ஒரு மார்க் கேள்வியை உருப்போட்டா பத்துக்கு மேலே, அங்கே இங்கே நாலு சூத்திரம் எழுதி வைச்சா பாஸ்." தடுமாறுகிற பிள்ளைக்கு இது நல்ல யோசனைதான், நானும் சொல்லியிருக்கிறேன். சூத்திரத்தை எழுதி எண்களைச் சரியாகப் பொருத்தினால் கடைசி விடை பிசகினாலும் படிக்குப் படி மதிப்பெண் உண்டு.

ஆனால் இந்த யோசனையை யாரிடம் சொல்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? பையன் 50 வாங்கினால் டியூஷன் தேடி அலைகிறோம். பெண் 50 வாங்கினால், "பரவாயில்லை, பாஸ் பண்ணினா போதும்" என்கிறோம். சாயங்காலம் டியூஷன் என்றால் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பெண்ணிடம் "இருட்டுற நேரத்துல எங்கே போறே? இந்தக் காயை நறுக்கு" என்கிறோம். அவள் காய் நறுக்கிக்கொண்டே அட்டையைப் பார்த்து ஒப்பிக்கிறாள். அவளுக்குக் கொடுத்தது அந்த அட்டை மட்டும்தான். அதனால்தான் அந்த அட்டை மேல் எனக்கு இத்தனை கோபம்.

பத்தாவது கணக்கு பத்தாவதோடு முடிகிற விஷயமா? பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது இதைப் பொறுத்தது. பாலிடெக்னிக் போக வேண்டுமானாலும் பத்தாவது தேற வேண்டும். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குக் குறைந்தபட்சப் படிப்பே பத்தாவதுதான், அதிலும் கணக்குக் கேள்விகள் வருகின்றன. கல்யாணமாகி, குழந்தை பெற்று, முப்பது வயதில் அந்தத் தேர்வுக்குப் படிக்கிற எத்தனை பெண்களை நான் பார்க்கிறேன் தெரியுமா? பதினைந்து வயதில் வராது என்று விட்டுவிட்ட கூட்டுத்தொடரையும் கன அளவையும், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து படிக்கிறார்கள்.

"எனக்கு நேரம் எங்கே இருக்கு?" என்று கேட்பீர்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். நீங்கள் பாத்திரம் தேய்க்கும்போது மகள் பக்கத்தில் சிலேட்டோடு உட்காரட்டும். இன்றைக்கு ஒரே ஒரு சூத்திரம். "இது எதை அளக்குது? இது எங்கேருந்து வந்துச்சு? சின்ன நம்பர் போட்டுக் காட்டு" என்று மட்டும் கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. சொல்ல முடியாமல் அவள் எங்கே தடுக்குகிறாளோ, அங்கேதான் அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் டீச்சரிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் அளவியல், தொடர், முக்கோணவியல் எல்லாம் வந்துவிடும். மகனிடமும் இதையே கேளுங்கள். அவனும் காய் நறுக்கட்டும், அதில் ஒன்றும் குறைந்து போக மாட்டான்.

எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் ஒரு சகோதரியின் மகள் போன வருஷம் மற்றப் பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் ஐந்து மதிப்பெண்ணில் போய்விட்டாள். "பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும், வீட்டுல இருக்கட்டும்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். தெருப் பெண்கள் நாலு பேர் போய்ப் பேசினோம். ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறதே, தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேர்ந்துவிடலாமே என்று எடுத்துச் சொன்னோம். மனுஷர் அரை மனதோடு சம்மதித்தார். அந்த ஒன்றரை மாதமும் அவள் மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து பூக்கட்டியபடியே சொல்லுவாள், அம்மா கேட்பார். அம்மா படித்தது மூன்றாவது. "வாளிக் கணக்கைச் சொல்லுடி" என்றுதான் கேட்பார், இடைக்கண்டம் என்ற பேரெல்லாம் அவருக்கு வராது. மகள் தேறினாள். இப்போது பிளஸ் ஒன்னில் வணிகக் கணிதம் உள்ள பிரிவில் படிக்கிறாள். கடை வரவு செலவை அவள்தான் எழுதுகிறாளாம், அப்பா சொன்னார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.